மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு கல்லூரி

சிக்காகோ என்னும் பெயர் நம் கல்லூரியிற் பயின்ற எவர்க்கும் புதியதன்று. 1893 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 11 ஆந் திகதி அந்நகரிற் கூடிய சர்வசமயப் பேரவையிலே சுவாமி விவேகானந்தர் பேசியதையும், நாடு திரும்பும் வழியில் 1897 ஆம் ஆண்டு சனவரியில் அவர் கொழும்பில் இறங்கி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் வந்ததையும் சைவசமய பாடத்தில் ஆசிரியர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்பேரவை கூடிய மண்டபத்திற்குத் தெற்கே ஏறக்குறைய ஏழு மைல் தூரத்தில், உலகப் பெருங்கண்காட்சியின் இராட்சத இராட்டினம் சுழன்ற வெளியின் ஓரத்திலே, திறந்து ஓராண்டும் நிரம்பாத பல்கலைக்கழகம் ஒன்று அப்பொழுது இருந்தது. அதனை எமக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் அக்காலத்தில் இருக்கவில்லை.

இவ்விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, பழைய அதிபர்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் என்னிலும் நன்கறிந்தோர் எழுதுவர் என்னுந் துணிவினால், அப்பல்கலைக்கழகத்தின் அகத்தே அமைந்த இளங்கலைக் கல்லூரியைப் பற்றி எழுதப் புகுந்தேன். யான் அங்கே படித்தவனல்லன். 1983 ஆம் ஆண்டின் பின் நாட்டை விட்டு நீங்கி, ஈற்றிற் சிக்காகோவின் புறநகரொன்றிற் கணக்காளனாகத் தொழில் பார்த்தவன். என் மூத்த மகள் 1997 ஆம் ஆண்டு புரட்டாதியில் அக்கல்லூரியிற் சேர்ந்தாள். கட்டணஞ் செலுத்தியவன் என்ற உரிமையொன்றே அதனைப் பற்றிப் பேச எனக்குண்டு.

அவள் அங்கே சேர்வதைச் சுற்றத்தார் விரும்பவில்லை. நம்மவர்க்குப் படிப்பெனின் வைத்தியம், எந்திரவியல், கணக்கியல் என மூன்றே. அக்கல்லூரியிலோ வைத்தியனாகப் போகின்றவனும் பிளேட்டோவைப் படித்தல் வேண்டும். கவிதை எழுதப் போகின்றவளும் உயிரியலும் பௌதிகமும் படித்தல் வேண்டும். முதலிரண்டு ஆண்டுகளிற் பெரும்பகுதி இவ்வாறே கழியும். இதனைக் கேள்வியுற்ற ரொறன்ரோவிலுள்ள என் மைத்துனர் தொலைபேசியில், "அத்தான், உந்தப் படிப்பு முடிச்சுப் பிள்ளை என்ன வேலைக்குப் போறது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரல்லர். வீடும் வளவும் இழந்து வந்த குடும்பமொன்றிலே மூத்த பிள்ளையின் படிப்பு அக்குடும்பம் முழுவதற்கும் காப்புறுதி போன்றது என்பதை அறிந்தே கேட்டார். விடை சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. முன்னர்த் தமிழாசிரியையாயிருந்த என் மனைவியோ ஒரு சொல்லிலே, "படிக்கட்டும்" என்று முடித்துவிட்டாள்.

அக்கல்லூரியின் வரலாறு சற்று விநோதமானது. எண்ணெய்ச் செல்வரான றொக்பெல்லர் முதற்கண் அளித்த 600,000 டொலரைக் கொண்டு 1890 ஆம் ஆண்டு சிக்காகோப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1892 ஒக்டோபர் முதலாந் திகதி வகுப்புகள் தொடங்கின. முதல் தலைவரான வில்லியம் றெயினி ஹாப்பர் எபிரேய மொழி வல்லுநர். 18 ஆம் வயதிலேயே யேல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆராய்ச்சியே ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர் என்பது அவர் கொள்கை. ஆண்களுடன் பெண்களும் முதல் நாள் தொட்டே சேர்க்கப்பட்டனர். வெளியே புகைவண்டிப் பாதைகளும் இறைச்சித் தொழிற்சாலைகளும் உருக்காலைகளும் நிறைந்த பெருநகரம். உள்ளே ஆய்வு செய்யும் பேராசிரியர்களும் அவர்தம் பட்டப்பின் மாணவர்களும். இவ்விரு பெருஞ் சக்கரங்களுக்கு நடுவே பதினெட்டு வயதுப் பிள்ளைகள் திண்ணையிலிருந்த விருந்தினர் போலாயினர். அவர்களை அடியோடு நீக்கிவிட்டு ஆராய்ச்சியொன்றையே நடத்துவோம் என்று எண்ணிய பேராசிரியர்களும் இருந்தனர் என்பர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் 1929 ஆம் ஆண்டிலே தம் முப்பதாம் வயதில் அங்கே தலைவரான றொபேட் மேனாட் ஹச்சின்ஸ். மேற்படிப்புக்குரிய துறைகளை நான்கு பெரும் பிரிவுகளாக்கி, அவற்றின் பக்கத்தே கல்லூரியைத் தனியொரு பிரிவாக நிறுத்தினார். 1931 ஆம் ஆண்டின் புதுத்திட்டப்படி வகுப்பு வரவு கட்டாயமன்று. எத்தனை பாடத்திற்குச் சென்றாய் என்பதும் கணக்கன்று. இறுதியில் வரும் பெரும் பரீட்சையிற் சித்தியெய்தினாற் போதும். 1942 ஆம் ஆண்டில் இன்னும் ஒருபடி மேற்சென்று, உயர்தரப் பாடசாலையை முடிக்காத பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து, கல்லூரியே இளங்கலைப் பட்டம் வழங்கவும் வழி செய்தனர். மரபணுவின் அமைப்பைக் கண்ட இருவருள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் பதினைந்து வயதில் அங்கே புகுந்தவர். வானியலறிஞர் கார்ல் சேகன் பதினாறில் வந்தவர். எழுத்தாளர் சூசன் சொன்ராக்கும் அவ்வாறே.

பரீட்சை முறையைப் பற்றி ஈண்டுச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். ஏனெனின் இதனை அமெரிக்கரிலும் நாம் எளிதில் விளங்கிக்கொள்வோம். ஹச்சின்ஸ் காலத்திலே வினாத்தாளை வகுப்பாசிரியர் ஆக்குவதில்லை. அதற்கெனத் தனியே ஒரு பரீட்சைச் சபை இருந்தது. ஆசிரியரின் மனநிலையை நோக்கி நடக்க வேண்டிய தேவை மாணவனுக்கில்லை. புள்ளி என்னும் பிரம்பும் ஆசிரியர் கையில் இல்லை. எந்தையார் காலத்தில் வினாத்தாள் கேம்பிரிட்ஜிலிருந்து கப்பலில் வந்தது; எம் காலத்திற் கொழும்பிலிருந்து வந்தது. நம் ஆசிரியர்கள் மாலை ஆறு மணி வரை எம்மை இருத்திப் பாடஞ் சொன்னதன் இரகசியம் இதுவே என்று பின்னாளில் எனக்குப் பட்டது. முகமறியாப் பரீட்சகர் ஒருவர் எதிர்ப்பக்கம் நிற்க, ஆசிரியரும் மாணவரும் ஒரு பக்கம் நின்றோம். பரீட்சைக்காகவே படித்தோம் என்று நம் முறையைப் பழிப்போர் இந்நன்மையைக் கருதுவதில்லை. ஆயின் நம் முறை வினாவைப் புறத்தே வைத்து விடையை மனனஞ் செய்வித்தது. அவர்கள் முறையோ வினாவை வகுப்பின் நடுவே வைத்தது. வேறுபாடு சிறிதன்று.

ஹச்சின்ஸ் 1951 இற் பதவி நீங்கிய பின் அத்திட்டங்களிற் பல கைவிடப்பட்டன. பரீட்சைச் சபையும் மறைந்தது. யாவரும் படிக்க வேண்டிய பொதுப்பாடமும், இருபதுக்கு மேற்படாத மாணவர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து மூலநூலைப் படிக்கும் வழக்கமும் எஞ்சின. என் மகள் படித்தது இந்த எச்சத்தையே.

பெற்றோர் வருகைக்கென ஒதுக்கிய ஒரு நாளில் அத்தகைய வகுப்பொன்றில் யான் பின்னே அமர்ந்திருந்தேன். சாம்பல் நிறக் கல்லாலான பழைய கட்டடம்; கூர்மாடச் சாளரம்; நீண்ட மேசை. பாடம் துசிடிடீஸ் எழுதிய பெலொப்பொனேசியப் போர் வரலாறு. ஆசிரியர் விரிவுரை நிகழ்த்தவில்லை. கோர்சைரா என்னுந் தீவில் நடந்த உள்நாட்டுக் கலகத்தைப் பற்றிய பகுதியை எடுத்து, "இங்கே சொற்களுக்கு என்ன நேர்ந்தது?" என்று மாத்திரம் கேட்டார். ஒருவன் ஏதோ பொதுவாகச் சொன்னான். "எந்த வரியில்?" என்றார். அவன் புத்தகத்தைப் புரட்டினான். இவ்வாறே ஒன்றரை மணிநேரம் கழிந்தது. கலகக்காலத்திலே கண்மூடித்தனம் வீரம் என்று பெயர் பெற்றதும், பொறுத்திருத்தல் கோழைத்தனம் எனப்பட்டதும், நடுநிலை நின்றவர்கள் இரு பக்கத்தாராலும் அழிந்ததும் அப்பகுதியிற் சொல்லப்பட்டுள்ளன. இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்கன் எழுதியதை, இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒருவன், அமெரிக்கச் சிறுவர்களின் பின்னே கதிரையிலிருந்து கேட்டான். எனக்கு அது பாடமாகத் தோன்றவில்லை, ஊர்ச்செய்தியாகவே தோன்றியது. என் மகள் அன்று வாய்திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியிற் காரில் இருந்துகொண்டு, "அப்பா, நாங்கள் வெளிக்கிட்ட நேரத்திலும் இப்பிடித்தானா?" என்று கேட்டாள். அதுவரை அவள் அதனைப் பற்றி எம்மிடம் ஒன்றும் கேட்டதில்லை, நாமாகச் சொன்னதுமில்லை. அன்றிரவு வெகுநேரம் பேசினோம். மைத்துனருக்குச் சொல்லத்தக்க விடையாக இதனை யான் கொள்ளவில்லை. எனினும் அந்தப் பிள்ளை அந்த வினாவுக்கு வந்து சேர்ந்த வழி அந்த மேசை வழியாகவே வந்தது.

இனி, புகழ்ந்துரைத்தலோடு அமைதல் நேர்மையாகாது. அக்கல்லூரியைச் சூழ்ந்த நகரின் தென்பகுதி பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. 1930 களிலும் 1940 களிலும் அயலிலுள்ள வீடுகளைக் கறுப்பினத்தார்க்கு விற்பதில்லை என்று வீட்டுச் சொந்தக்காரர் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகளைக் காத்து நின்ற சங்கங்களுக்குப் பல்கலைக்கழகம் பொருளுதவி செய்தது; இது மறைக்கப்பட்ட செய்தியன்று, வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அவ்வுடன்படிக்கையொன்றை எதிர்த்து ஹான்ஸ்பெரி என்னுங் குடும்பத்தார் நடத்திய வழக்கு 1940 இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வீட்டு மகள் லொறெய்ன் பின்னாளிற் புகழ்பெற்ற நாடகாசிரியையானாள். உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என 1948 இல் தீர்ப்பானது. அதன் பின் 1950 களில் நகரப் புனரமைப்பு என்னும் பெயரால் அயலிற் பல தெருக்கள் இடிக்கப்பட்டன. வெளியேறியவரிற் பெருந்தொகையினர் வறியவர். நீதி யாது என்று சோக்கிரதர் கேட்ட கேள்வியை மேசையில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், சாளரத்துக்கு வெளியே இது நடந்தது. நம் ஊர்க் கல்லூரி மதில்களுக்குள்ளும் புறத்தும் நடந்தவற்றை, எவரைச் சேர்த்தோம், எவரைச் சேர்க்காது விட்டோம் என்பதை, அறிந்தவர்க்கு இது வியப்பளியாது. சாதியின் பெயரால் நம் நாட்டில் அடைக்கப்பட்ட வாயில்களைப் பற்றி விழா மலர்கள் அதிகம் எழுதுவதில்லை. யானும் ஒரு வரியோடு நிறுத்துகிறேன்.

மற்றொரு பிணக்கு என் மகள் படிக்கும்போதே எழுந்தது. அப்பொழுது கல்லூரி மாணவர் ஏறத்தாழ நாலாயிரத்துக்கு உட்பட்டவர். தொகையை 4,500 ஆக உயர்த்துவதென்றும், 21 ஆக இருந்த பொதுப் பாடங்களைக் குறைப்பதென்றும் அன்றைய தலைவர் ஹியூகோ சொனன்ஷைன் தீர்மானித்தார். பழைய மாணவரும் பேராசிரியரும் கொதித்தெழுந்தனர். மாணவர் செய்த கண்டனமோ நகைப்புக்கிடமானது: கல்லூரியை மகிழ்ச்சிகரமாக்கப் போகிறார்கள் என்பதைக் கண்டித்து, முற்றவெளியிற் கூடி வேண்டுமென்றே விளையாடிக் களித்தார்கள்! 'இன்பம் இறக்க வரும் இடம்' என்ற பொருள்பட எழுதிய சட்டைகளை அணிந்து திரிபவர்கள் அப்பிள்ளைகள். தலைவர் 1999 இற் பதவி விலகலை அறிவித்தார். ஆனால் அவர் கொண்டுவந்த மாற்றம் நின்றது. இன்று அக்கல்லூரி மாணவர் தொகை 7,000 ஐத் தாண்டிவிட்டது. பழைய மாணவர் அனைவரும் அழிவென்று கூவிய அழிவு நிகழவில்லை என்றே சொல்லல் வேண்டும். பழைய மாணவராகிய நாம் இதனை நினைவிற் கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் கணக்காளன் சொல்லாது விடலாகாது. 1997 இலேயே ஆண்டுக் கட்டணம் இருபதினாயிரம் டொலரைக் கடந்திருந்தது. இக்காலத்தில் அறுபதினாயிரத்தையும் தாண்டியது. உதவிப்பணமும் கடனுமின்றி எம்மால் இயன்றிராது. 2007 ஆம் ஆண்டில் தம் பெயரை வெளியிடாத பழைய மாணவர் ஒருவர், ஹோமர் என்னும் புனைபெயரால், வறிய மாணவர் கடனின்றிப் படிக்கவென 100 மில்லியன் டொலர் அளித்தார். நல்லதே. எனினும் இத்தனை விலையுள்ள மேசையில் யார் அமர்வர் என்னும் ஐயம் எனக்கு இன்றும் நீங்கவில்லை.

இனித் தமிழுக்கு வருவேன். ஹச்சின்ஸ் 1939 இல் உதைபந்தாட்டத்தை நிறுத்திவிட்டார். அதுவும் நாடெங்கும் புகழ்பெற்ற அணியை! நம் கல்லூரியில் எந்த அதிபராவது துடுப்பாட்டத்தை நிறுத்தியிருப்பின் மறுநாட் காலை அவர் பெட்டியைக் கட்டியிருப்பார். வெறிதே கிடந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கடியில், 1942 டிசெம்பர் 2 ஆந் திகதி, என்றிக்கோ ஃபேர்மியின் குழுவினர் உலகின் முதலாவது தொடர் அணுத்தாக்கத்தை நிகழ்த்தினர். பின்னர் மேடை இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 1970 இல் ரீஜன்ஸ்டைன் நூலகம் எழுந்தது. பந்து, அணுகுண்டு, புத்தகம் என ஒரே நிலம் மூன்று பிறவி எடுத்தது போலும்.

அந்நூலகத்திலே தமிழ் நூல்கள் நிரை நிரையாக உள்ளன. அவை வந்த வழி வேடிக்கையானது. இந்தியாவுக்கு அனுப்பிய கோதுமையின் விலையை ரூபாயாகப் பெற்ற அமெரிக்க அரசு, 1962 தொடக்கம் அப்பணத்தில் ஒரு பகுதிக்கு இந்திய நூல்களை வாங்கித் தன் நாட்டு நூலகங்களுக்குப் பகிர்ந்தளித்தது. அதே 1962 இல், மைசூரிற் பிறந்த தமிழரான ஏ. கே. இராமாநுசன் பல்கலைக்கழகத்தின் பழைய ஹாப்பர் நூலகத்து நிலவறையிற் பழந்தமிழ் இலக்கணமொன்றைத் தேடப் போய், உ. வே. சாமிநாதையர் 1937 இற் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்தார். சங்கச் செய்யுளை அதற்குமுன் அவர் கற்றவரல்லர். அங்கிருந்தே 1967 இல் வெளியான அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்புப் பிறந்தது. உலகப் புலவர் பலர் சங்கப் பாடல்களை அறிந்தது அதன் வழியாகும். 1950 களின் பிற்பகுதியிலேயே இந்திய நாகரிகத்தை ஒரு பொதுப்பாடமாகக் கல்லூரி சேர்த்துக்கொண்டிருந்தமையால், பதினெட்டு வயது அமெரிக்கப் பிள்ளைகள் அம்மொழிபெயர்ப்பைப் படிக்கலாயினர்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியதை அறிந்த நமக்கு, குறுந்தொகை கண்டெடுக்கப்பட வேண்டிய பொருளா என்று தோன்றும். ஆயினும் என் மகள் அதனை அங்கேதான் படித்தாள். வீட்டிலே தாய் சொன்னபோது செவிசாயாதவள், நாடகன்ற தோழியர் நடுவே அதனைப் படித்த பின், ஒரு விடுமுறையில் வந்து தாயிடம் மூலத்தைப் படித்துக் காட்டும்படி கேட்டாள். என் மனைவிக்கு இதிற் சிறிது கோபம், பெரிதும் மகிழ்ச்சி.

1981 மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்த நூல்கள் ஏறக்குறைய 97,000. 1994 இற் சிக்காகோப் பல்கலைக்கழகம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதுஞ் சேர்த்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் வாங்கி, அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டு போகாது சென்னையிலேயே நூலகமாக நிறுவியது. அத்தொகுதி ஏறக்குறைய ஓர் இலட்சம். இவ்விரு எண்களையும் அருகருகே எழுதும்போது கணக்காளனாகிய எனக்குக் கூட்டவோ கழிக்கவோ தோன்றுவதில்லை.

என் மகள் இன்று சிக்காகோ நகரில் அரசாங்கப் பாடசாலையொன்றிற் சரித்திரம் கற்பிக்கிறாள். சம்பளம் அதிகமில்லை. மைத்துனர் இப்பொழுதும் விடுவதாயில்லை. ஆயின் தம் பேரனைக் கதை கேட்கவென அவளிடமே கோடை விடுமுறையில் அனுப்புகிறார்.

நம் கல்லூரிச் சஞ்சிகையின் பழைய இதழ்களிற் பல போர்க்காலத்தில் அழிந்தன. 1956 தொடக்கம் 1963 வரையுள்ள இதழ்களில் இரண்டு மாத்திரமே கல்லூரி நூலகத்தில் இப்பொழுது உள்ளன எனச் செயலாளர் எழுதியுள்ளார். அவற்றுள் எதனையேனும், அட்டையின்றியாயினும், செல்லரித்ததாயினும், தம் வீட்டுப் பெட்டியில் வைத்திருப்போர் அவருக்கு அறிவித்தல் நன்று. பிரதியெடுத்த பின் மூலத்தைத் திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது.